எண்ணைத் தொட்டால் வவுச்சர் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், கரூர் பக்கம் நடுத்தர நிறுவனங்களும் இப்போது டேலி மென்பொருளில் எழுதும் கணக்கை பவர் பிஐ என்னும் அறிக்கை மென்பொருளில் ஏற்றி, எண்களும் படங்களும் ஒரே திரையில் தெரியும் டாஷ்போர்டாகப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. இது குறித்து வணிகப் பக்கங்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் திரையில் தெரியும் வண்ணப் படங்களோடு நின்றுவிடுகின்றன. அந்தப் படங்களுக்கு அடியில் கணக்கு எப்படி அமைய வேண்டும் என்பதற்காக எழுதும் கடிதம் இது. சற்று நீளமானது. அறிக்கை கட்டித் தரும் இளைஞர்களுக்கும் அதை வாங்கும் நிறுவனங்களின் கணக்குப் பிரிவினருக்கும் உதவும் என்பதால் சுருக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

டேலியில் பழகிய கணக்கருக்கு ஒரு வசதி கைவந்தது. இருப்புநிலைக் குறிப்பில் சண்ட்ரி டெப்டர்ஸ் (நமக்குப் பாக்கி தர வேண்டியவர்கள்) மேல் என்டர் தட்டினால் பார்ட்டிகளின் லெட்ஜர்கள் (தனித்தனிப் பேரேடுகள்) விரியும். லெட்ஜரில் தட்டினால் மாதவாரித் தொகை, மாதத்தில் தட்டினால் வவுச்சர் (ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலின் பதிவு) பட்டியல், அதிலும் தட்டினால் வவுச்சரே திறந்துகொள்ளும். நாலைந்து என்டரில் ஒரு கோடி ரூபாய், கையில் பிடிக்கக்கூடிய ஒரு பில்லாக வந்து நிற்கும். டாஷ்போர்டுக்கு மாறிய பல இடங்களில் இந்த வழி அறுந்துபோகிறது. "இதர செலவுகள் இந்த மாதம் ஏன் ஏறியது?" என்று முதலாளி கேட்டால், மீண்டும் டேலியைத் திறந்து தேட வேண்டியிருக்கிறது. மென்பொருளுக்கு அந்தத் திறன் உண்டு. மாதக் கடைசி டிரயல் பேலன்ஸை (எல்லா லெட்ஜர்களின் இருப்புப் பட்டியலை) எக்செலில் இறக்கி அதையே அடிப்படையாக வைத்துக் கட்டியதுதான் பிழை. மாதத் தொகையாக உள்ளே போனதைப் பிரித்து வவுச்சராக வெளியே எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

இரண்டு சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். ஒரே பக்கத்தில், மேட்ரிக்ஸ் என்னும் ஒரே விரியும் அட்டவணையில், தலைப்பிலிருந்து குழு, குழுவிலிருந்து லெட்ஜர் என்று படிப்படியாக விரிப்பது டிரில் டவுன். ஓர் எண்ணின் மேல் வலது கிளிக் செய்து, அந்த எண்ணின் வடிகட்டல்களோடு விவரப் பக்கத்துக்குத் தாவுவது டிரில் த்ரூ. நிதி அறிக்கைக்கு இரண்டும் வேண்டும். லெட்ஜர் வரை டிரில் டவுன், வவுச்சருக்கு டிரில் த்ரூ என்று பிரித்துக்கொள்வதே நல்லது. வவுச்சர் வரியையும் மேட்ரிக்ஸுக்குள் ஐந்தாவது, ஆறாவது படியாகத் திணித்தால் திரையும் திணறும், பார்ப்பவரும் திணறுவார்.

அடிப்படை அட்டவணையின் ஒவ்வொரு வரியும் வவுச்சரின் ஒரு வரியாக இருக்கட்டும். 1,00,000 ரூபாய் சரக்குக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட விற்பனை வவுச்சரில் பார்ட்டிக்கு டெபிட் 1,18,000, விற்பனைக்குக் கிரெடிட் 1,00,000, சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000 என்று நாலு வரி. அட்டவணையிலும் நாலு வரிதான். "இவ்வளவு தரவை ஏற்றினால் மெதுவாகிவிடும்" என்பார்கள். நாளுக்கு 200 வவுச்சர், வவுச்சருக்கு 4 வரி, ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்தாலும் 2,40,000 வரிதான். மூன்று ஆண்டுக்கு 7,20,000. பவர் பிஐ-க்கு இது சுமையே இல்லை. சுமை ஏறுவது வேறு இடத்தில். ஒவ்வொரு வவுச்சருக்கும் டேலி தரும் ஜியுஐடி என்னும் நீண்ட அடையாள எழுத்துச் சரம், வவுச்சருக்கு வவுச்சர் மாறும் நரேஷன் என்னும் விளக்கக் குறிப்பு இரண்டும்தான் கோப்பைப் பெருக்க வைப்பவை. ஜியுஐடிக்குப் பதில் வரிசை எண் ஒன்றைத் தரலாம். நரேஷனை முற்றிலும் நீக்கிவிடாதீர்கள்; கடைசிப் படிக்கு வந்தவர் படிக்க நினைப்பதே அதைத்தான். நடப்பு ஆண்டுக்கும் முந்தைய ஆண்டுக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

வவுச்சர் எண்ணை மட்டும் வைத்து ஒரு வவுச்சரை அடையாளம் காண முயல்வது அடுத்த பொதுவான தவறு. சேல்ஸில் 125 உண்டு, பர்ச்சேஸிலும் 125 உண்டு, அடுத்த ஆண்டு மறுபடி 125 வரும். வவுச்சர் வகை, எண், தேதி மூன்றும் சேர்ந்தால்தான் ஓரளவு பாதுகாப்பு. ஜியுஐடியிலிருந்து உருவாக்கிய வரிசை எண் இருந்தால் முழுப் பாதுகாப்பு. இது அமைந்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை, டெபிட்டை பிளஸ், கிரெடிட்டை மைனஸ் என்று கொண்டு வவுச்சர் வாரியாகக் கூட்டினால் ஒவ்வொன்றும் சுழியாக வருகிறதா என்பது. சுழி வராத வவுச்சர் ஒன்று இருந்தாலும் ஏற்றியதில் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள். இதைத் தாண்டாமல் ஒரு படம்கூட வரையக் கூடாது. தொகைப் பத்தியின் (column) வகையையும் அப்போதே நிலைத்த தசமம் (fixed decimal) என்று மாற்றிவிட வேண்டும். சாதாரண தசம வகையில் விட்டால் சுழி வர வேண்டிய இடத்தில் 0.0000001 போன்ற எச்சம் வந்து, சோதனை எப்போதும் தோற்றதாகவே காட்டும்.

விற்பனை லெட்ஜரை விரித்தால் வாடிக்கையாளர் பெயர் வரவில்லை என்ற புகாரும் அடிக்கடி எழும். காரணம் எளிது. பார்ட்டி பெயர் அந்த வவுச்சரின் வேறொரு வரியில் இருக்கிறது, விற்பனை வரியில் இல்லை. ஏற்றும்போதே வவுச்சர் தலைப்பில் உள்ள பார்ட்டி லெட்ஜர் பெயரை எல்லா வரிகளுக்கும் ஒரு பத்தியாக நகலெடுத்துவிட்டால் தீர்ந்தது.

அடுத்து பிளஸ், மைனஸ். டேலி வெளியே எடுத்துத் தரும் எக்ஸ்எம்எல் வடிவக் கோப்பில் டெபிட் மைனஸாகவும் கிரெடிட் பிளஸாகவும் வரும். வேறு மென்பொருள்கள் பலவற்றில் இது நேர்மாறு. குழும நிறுவனங்கள் இரண்டின் கணக்கைச் சேர்க்கும்போது, ஒன்று டேலி மற்றொன்று வேறு என்றால், விற்பனை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஏற்றும் இடத்திலேயே டெபிட் பிளஸ், கிரெடிட் மைனஸ் என்று ஒரே விதியாக்கிவிட வேண்டும். அறிக்கையில் விற்பனை பிளஸாகத் தெரிய வேண்டுமே என்று ஆங்காங்கே சூத்திரத்தில் மைனஸ் 1-ஆல் பெருக்கினால், தலைப்பில் சரியாகவும் உள்ளே விரித்தால் தலைகீழாகவும் நிற்கும். அறிக்கை வரிசைகளுக்கென்று ஓர் அட்டவணை வைத்து, அதில் ஒவ்வொரு வரிசைக்கும் பிளஸ் 1 அல்லது மைனஸ் 1 என்று ஒரு பத்தி சேர்த்து, எல்லாச் சூத்திரங்களும் அதையே படிக்கச் செய்வதுதான் முறை. பட்ஜெட்டைத் தாண்டுவது விற்பனையில் நல்லது, செலவில் கெட்டது. பச்சையா சிவப்பா என்பதையும் அதே அட்டவணையில் இன்னொரு பத்தி சொல்லட்டும்.

அந்த அறிக்கை வரிசை அட்டவணைதான் முழு வேலைக்கும் உயிர். டேலியில் முன்பே வரையறுத்த குழுக்கள் 28. அவற்றில் 15 முதன்மை, 13 துணை. அவற்றை 2013 கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கேட்கும் வரிசைகளோடு பொருத்த வேண்டும். இயக்க வருவாய், பிற வருமானம், பயன்படுத்திய மூலப்பொருள் செலவு, ஊழியர் நலச் செலவு, நிதிச் செலவு, தேய்மானம், இதர செலவுகள் என்று அந்த வரிசை போகிறது. டேலியின் இன்டைரக்ட் எக்ஸ்பென்சஸ் குழுவில் சம்பளம், வங்கி வட்டி, தேய்மானம், தபால் செலவு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எனவே குழு அளவில் பொருத்தினால் போதாது; லெட்ஜர் லெட்ஜராகப் பொருத்த வேண்டும். 600 லெட்ஜர் இருந்தால் 600 வரி. ஒரு கணக்கரும் ஆடிட்டர் அலுவலகத்து ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு நாள் வேலை. அறிக்கை கட்டுபவர் தனியாக ஊகித்துச் செய்யக் கூடிய வேலை இது இல்லை.

கணக்கர் நாளை புதிதாக ஒரு லெட்ஜர் திறப்பார். அது இந்த அட்டவணையில் இருக்காது. அறிக்கையில் பெயரற்ற வெற்று வரிசையாக அது தோன்றும். பார்க்க அழகாக இல்லை என்று அந்த வெற்று வரிசையை வடிகட்டி மறைத்துவிடுவார்கள். லாபம் தப்பாவது அந்த நொடியில்தான். மறைக்கவே கூடாது. "பொருத்தப்படாத லெட்ஜர்கள்: எண்ணிக்கை, தொகை" என்று முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் வைத்து, அது சுழி ஆனபின் மட்டுமே அறிக்கையை அனுப்ப வேண்டும்.

மொத்த லாபம், இபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்), வரிக்கு முந்தைய லாபம் ஆகியவற்றுக்கு லெட்ஜர் கிடையாது. மேலே உள்ள வரிசைகளின் கூட்டல்தான் அவை. அறிக்கை வரிசை அட்டவணையில் இவற்றைக் கணக்கீட்டு வரிசை என்று குறித்துவிட்டு, பவர் பிஐ-யின் சூத்திர மொழியான டாக்ஸில் (DAX) ஸ்விட்ச் சார்பைக் கொண்டு இரு வகையாகப் பிரிக்கலாம். சாதாரண வரிசை என்றால் தன் தொகை. கணக்கீட்டு வரிசை என்றால் வரிசை எண் தன்னைவிடக் குறைந்த எல்லா வரிசைகளின் தொகை. அந்தக் கணக்கீட்டு வரிசையை யாராவது விரித்தால், அதன் கீழ் எல்லா லெட்ஜர்களும் வந்து குவியக் கூடாது. இப்போது லெட்ஜர் படியில் நிற்கிறோமா என்று சொல்லும் இஸ்இன்ஸ்கோப் சார்பை வைத்து, ஆம் என்றால் வெற்று மதிப்பைத் தரச் சொன்னால் விரிவு அடங்கிவிடும். பட்ஜெட்டுக்கும் இதே மருந்து. பட்ஜெட் பொதுவாகக் குழு அளவில், மாத அளவில் போடப்படும். லெட்ஜர் வரை விரித்தால் அதே பட்ஜெட் தொகை ஒவ்வொரு லெட்ஜருக்கும் எதிரில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். பட்ஜெட் எந்தப் படி வரை உண்டோ அதற்குக் கீழே வெறுமையாக விடுவதுதான் உண்மை.

வரிசைகளின் ஒழுங்கையும் கவனியுங்கள். சும்மா விட்டால் மென்பொருள் அகர வரிசையில் அடுக்கும். வரிசை எண் பத்தியை வைத்து அடுக்கச் சொல்ல வேண்டும். ஒரே பெயருக்கு இரண்டு வரிசை எண் இருந்தால் அது மறுக்கும். "இதர" என்ற பெயர் வருமானத்திலும் செலவிலும் இருப்பதே பெரும்பாலும் காரணம்.

தேதியில் ஏப்ரல்–மார்ச் சிக்கல். பவர் பிஐ தானாகவே ஒவ்வொரு தேதிப் பத்திக்கும் ஜனவரி–டிசம்பர் அட்டவணை ஒன்றை மறைவாக உருவாக்கும். தரவு ஏற்றல் விருப்பங்களில் அந்தத் தானியங்கித் தேதியை அணைத்துவிட்டு, சொந்தத் தேதி அட்டவணை வைக்க வேண்டும். இடையில் ஒரு நாளும் விடுபடாமல் முழு ஆண்டுகளாக இருக்க வேண்டும். ஏப்ரலுக்கு 1, மார்ச்சுக்கு 12 என்று மாத வரிசை எண் வேண்டும். ஆண்டு தொடக்கத்திலிருந்து இன்றுவரை என்ற கூட்டலில் ஆண்டு முடிவு மார்ச் 31 என்று குறிக்காவிட்டால் கூட்டல் ஜனவரியில் சுழியிலிருந்து தொடங்கிவிடும். ஏப்ரலிலிருந்து மட்டும் தரவு ஏற்றிய அறிக்கையில் இந்தப் பிழை ஜனவரி வரை கண்ணில் படாது.

இனி டேலிக்கே உரிய இரண்டு பொறிகள். முதலாவது தொடக்க இருப்பு. அது டேலியில் வவுச்சராக இல்லை. லெட்ஜர் மாஸ்டரில் இருக்கிறது. வவுச்சர்களை மட்டும் ஏற்றினால் லாப நட்டக் கணக்கு வந்துவிடும், இருப்புநிலைக் குறிப்பு வராது. தொடக்க இருப்புகளை முந்தைய மார்ச் 31 தேதியிட்ட வரிகளாகத் தனி வவுச்சர் வகையில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 1 என்று போட்டால் ஏப்ரல் மாத நடவடிக்கையே வீங்கித் தெரியும். ஆண்டுதோறும் கம்பெனியைப் பிரித்து வைத்திருப்பவர்கள் முதல் ஆண்டின் தொடக்க இருப்பை மட்டுமே ஏற்ற வேண்டும். இரண்டாம் ஆண்டினுடையதையும் ஏற்றினால் இருப்பு இரட்டிப்பாகிவிடும். மேலும், டேலியில் ஆண்டு முடிவில் லாபத்தை மூலதனத்துக்கு மாற்றும் முடிவுப் பதிவு தானாக விழுவதில்லை. எனவே இருப்புநிலைக் குறிப்பில் அன்றுவரை சேர்ந்த லாப நட்டத்தைச் சூத்திரம்தான் கூட்டித் தர வேண்டும். முடிவுப் பதிவு போடும் மென்பொருள்களிலோ நேர்மாறான தொல்லை: அந்தப் பதிவை விலக்காவிட்டால் மார்ச் வரையிலான ஆண்டு லாபம் சுழி என்று காட்டும்.

இரண்டாவது பொறி, இறுதிச் சரக்கு. சரக்குக் கணக்கும் பணக் கணக்கும் இணைக்கப்பட்டிருந்தால், இறுதிச் சரக்கின் மதிப்பை டேலி சரக்கு மதிப்பீட்டிலிருந்து கணக்கிட்டுக் காட்டுகிறது. எந்த வவுச்சரிலும் அந்தத் தொகை இல்லை. அதனால்தான் எல்லா வவுச்சரையும் ஒன்று விடாமல் ஏற்றியும் "டேலி லாபமும் டாஷ்போர்டு லாபமும் ஒத்துப்போகவில்லை" என்று பலர் நாள்கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாதக் கடைசிச் சரக்கு மதிப்பைப் பொருள் வாரியாகத் தனி அட்டவணையாக எடுத்து, இரு மாதங்களின் வேறுபாட்டை "சரக்கிருப்பு மாற்றம்" என்ற வரிசையில் கொண்டுவர வேண்டும். அந்த வரிசையின் டிரில் த்ரூ வவுச்சருக்குப் போகாது. பொருள், அளவு, விலை வீதம் என்ற பக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இப்போது சொல்லப்போவதை வைத்துக்கொள்ளுங்கள். இருப்புநிலைக் குறிப்பின் எண்ணிலிருந்து டிரில் த்ரூ செய்தால் மொத்தம் ஒத்துவராது. டிசம்பர் 31-இல் ஒரு பார்ட்டி தர வேண்டிய பாக்கி 9,40,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணின் மேல் வலது கிளிக் செய்து விவரப் பக்கம் போனால், "டிசம்பர்" என்ற வடிகட்டல் கூடவே போகும். விவரப் பக்கத்தில் டிசம்பர் மாத வவுச்சர்கள் மட்டும் வரும். விற்பனை 3,00,000, வரவு 1,80,000, நிகரம் 1,20,000. மேலே 9,40,000, கீழே 1,20,000. பார்ப்பவர் அறிக்கை தப்பு என்று முடிவுகட்டுவார். பாக்கி என்பது தொடக்கம் முதல் சேர்ந்து வருவது, மாத நடவடிக்கையன்று. தீர்வு நம் பேரேட்டு வடிவத்திலேயே இருக்கிறது: விவரப் பக்கத்தின் தலையில் தொடக்க இருப்பு 8,20,000, நடுவில் டெபிட் 3,00,000, கிரெடிட் 1,80,000, அடியில் இறுதி இருப்பு 9,40,000. இதற்கு நாலு சிறு சூத்திரங்கள் போதும். லாப நட்டக் கணக்கிலிருந்து வருபவருக்கு ஒரு விவரப் பக்கம், இருப்புநிலைக் குறிப்பிலிருந்து வருபவருக்கு வேறொன்று என்று இரண்டாக வைத்தால் குழப்பமே இராது. காலாண்டு இருப்பு மூன்று மாத இருப்புகளின் கூட்டல் அல்ல, கடைசி நாளின் இருப்பு என்பதையும் சூத்திரம் அறிந்திருக்க வேண்டும். இன்னும் வராத மாதங்களில் அதே இருப்பு நகலாக நீண்டுகொண்டே போகாதபடி கடைசி வவுச்சர் தேதியோடு நிறுத்தவும் வேண்டும்.

மொத்தம் ஒத்துவராததற்கு இன்னொரு மறைவான காரணமும் உண்டு. விற்பனைச் சூத்திரத்துக்குள்ளேயே "குழும நிறுவனங்களுக்கு விற்றதை விலக்கு" என்று கால்குலேட் சார்பைப் போட்டு எழுதியிருப்பார்கள். டிரில் த்ரூ, திரையில் உள்ள வடிகட்டல்களைச் சுமந்துபோகும். சூத்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் வடிகட்டலைச் சுமக்காது. விவரப் பக்கத்தில் குழும விற்பனையும் சேர்ந்து வந்துவிடும். அந்த விலக்கை அட்டவணையில் ஆம்/இல்லை பத்தியாக மாற்றுங்கள். அல்லது விவரப் பக்கத்திலும் அதே சூத்திரத்தை வைத்து வெற்று வரிகளை நீக்குங்கள். எல்லா வடிகட்டல்களையும் வைத்திரு என்ற விருப்பம் இயங்குகிறதா என்றும் பாருங்கள். விவரப் பக்கத்தின் மேல் மூலையில் இரண்டு எண்கள் நிற்கட்டும்: புறப்பட்ட இடத்துத் தொகை, கீழே உள்ள வரிகளின் தொகை. வேறுபாடு சுழி இல்லாவிட்டால் சிவப்பில் காட்டட்டும்.

விவரப் பட்டியலில் வரிகள் காணாமல் போவதும் நடக்கும். ஒரே நாளில், ஒரே வவுச்சரில், ஒரே லெட்ஜருக்கு 500 ரூபாய் இரண்டு முறை எழுதியிருந்தால், எல்லாப் பத்தியும் ஒன்றாக இருப்பதால் பவர் பிஐ அவற்றை ஒரே வரியாக மடித்துவிடும். தொகைப் பத்தியைக் கூட்டச் சொல்லியிருந்தால் 1,000 என்று வரும். கூட்ட வேண்டாம் என்றிருந்தால் 500 மட்டும் நிற்கும், மற்றது மறைந்துவிடும். வவுச்சருக்குள் வரி எண் என்று ஒரு பத்தி சேர்த்தால் இது தீரும்.

சம்பள விவரம் எல்லோருக்கும் தெரியக் கூடாது என்று, யார் எந்த வரிகளைப் பார்க்கலாம் எனக் கட்டுப்படுத்தும் வரிசைப் பாதுகாப்புப் போடுவார்கள். அது வரிகளையே நீக்குவதால் கூட்டலிலும் அந்தத் தொகை வராது. கிளை மேலாளர் திரையில் சம்பளமே இல்லாத லாபம் பெருத்துத் தெரியும். சம்பளத்தை ஊழியர் வாரியாக ஏற்றாமல், துறைக்கு மாதம் ஒரு வரி என்று ஏற்றுவதே பாதுகாப்பு. அறிக்கையைப் பகிரும் பவர் பிஐ ஒர்க்ஸ்பேஸில் பார்வையாளராகச் சேர்த்தவர்களுக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு பொருந்தும். உறுப்பினராகவோ பங்களிப்பாளராகவோ சேர்த்தால் எல்லாம் தெரியும். வசதிக்காக எல்லோரையும் உறுப்பினராக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. அன்றோடு சம்பள ரகசியம் போயிற்று.

புதுப்பித்தலில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. முந்தைய மாதத் தேதியிட்டுப் பதிவு போடுவது, பழைய வவுச்சரைத் திருத்துவது. ஏற்றும் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கடைசி ஒரு மாதத்தை மட்டும் புதுப்பித்தால், நவம்பரில் ஆகஸ்ட் தேதியிட்டுப் போட்ட பில் அறிக்கைக்கு வராமலே போகும். தணிக்கை முடியும்வரை முழு நிதியாண்டையும் ஒவ்வொரு இரவும் புதிதாக ஏற்றுவதுதான் சரி. டேலி ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆல்டர்ஐடி என்ற எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். அதை வைத்து மாறியதை மட்டும் எடுக்கலாம். ஆனால் அழித்த வவுச்சர் அதில் அகப்படாது. அழித்தது உங்கள் அட்டவணையில் ஆவியாக உலவிக்கொண்டிருக்கும். கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவேடு இருந்தே ஆக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு நடைமுறையில் உள்ளது. மொத்தம் மாறியது ஏன் என்று தேடுபவர் அந்தப் பதிவேட்டையும் பார்க்கலாம். பகலில் டேலியின் 9000 போர்ட்டோடு (பிற மென்பொருள்கள் டேலியிடம் தரவு கேட்கும் வாசல்) நேரடியாக இணைத்து வைப்பதும் நம்பத்தகுந்ததல்ல. டேலி திறந்து, கம்பெனி ஏற்றியிருந்தால்தான் அது பதில் தரும். இரவில் எக்ஸ்எம்எல்லாக எடுத்து எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்திலோ ஒரு கோப்புறையிலோ இறக்கி, அதிலிருந்து பவர் பிஐ எடுக்கட்டும். புரோ உரிமத்தில் நாளைக்கு 8 முறை புதுப்பிக்கலாம். நிதி அறிக்கைக்கு ஒன்றிரண்டே தாராளம்.

வவுச்சர் வரை போகும் வழி வெறும் வசதி அல்ல என்பதற்கு இரண்டு சான்றுகள். மூன்றாம் அட்டவணையில் செய்த திருத்தத்தின்படி 2021 ஏப்ரல் 1 முதல், வர வேண்டிய பாக்கிகளை 6 மாதத்துக்குள், 6 மாதம் முதல் 1 ஆண்டு, 1–2 ஆண்டு, 2–3 ஆண்டு, 3 ஆண்டுக்கு மேல் என்று கெடு நாளிலிருந்து வயது பிரித்துக் காட்ட வேண்டும். லெட்ஜர் இருப்பை வைத்து இதைச் செய்ய முடியாது. பில் வாரியாகக் கணக்கு வேண்டும். வரவு போடும்போது எந்தப் பில்லுக்கு என்று குறிக்காமல் "ஆன் அக்கவுண்ட்" என்று போட்டுக்கொண்டே போனால், பணம் வந்துவிட்ட பில்கூட மூன்று ஆண்டுப் பாக்கியாக நிற்கும். ஆன் அக்கவுண்ட் தொகையைத் தனிப் பத்தியாகக் காட்டி, அதை விரித்தால் ரசீதுகள் வரும்படி வைத்தால் கணக்குப் பிரிவு ஒரே வாரத்தில் சரிசெய்துவிடும்.

மற்றது வங்கி. சரக்கையும் பாக்கியையும் ஈடாகக் காட்டிக் கடன் வாங்கியுள்ள கம்பெனி, வங்கிக்குத் தந்த காலாண்டு அறிக்கைகள் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்றும் இல்லையென்றால் ஏன் என்றும் நிதிநிலை அறிக்கையின் குறிப்பில் சொல்ல வேண்டும். செப்டம்பர் அறிக்கையை அக்டோபரில் அனுப்புகிறோம். நவம்பரில் செப்டம்பர் தேதியிட்டு இரண்டு பதிவுகள் விழுகின்றன. மார்ச்சில் ஆடிட்டர் கேட்கும்போது புத்தகத்து எண் வேறு. எது மாறியது என்று கண்டுபிடிக்க, வங்கிக்கு அனுப்பிய அன்று இருந்த வவுச்சர் வரிகளைத் தேதியிட்டு உறைய வைத்துத் தனிக் கோப்பாகப் பாதுகாக்க வேண்டும். உறைந்த வரிகளையும் இன்றைய வரிகளையும் வவுச்சர் அடையாளத்தால் ஒப்பிட்டால் புதிதாக வந்தது, அழிந்தது, தொகை மாறியது மூன்றும் ஒரே பக்கத்தில் பட்டியலாக வந்துவிடும். டாஷ்போர்டு வாங்கும் நிறுவனங்கள் இந்த ஒப்பீட்டுப் பக்கத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில் கணக்கர் தானாகவே ஐந்து எண்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் வவுச்சர் வரை இறக்கிப் பார்த்து, டேலியில் அதே வவுச்சரைத் திறந்து ஒப்பிட்ட பிறகே கடைசித் தவணைப் பணத்தைத் தர வேண்டும்.

தங்கள் வணிகப் பக்கத்தில் இத்துறைப் பயிற்சிகள் குறித்து எழுதும்போது, படம் வரையக் கற்றுத்தருகிறார்களா என்பதோடு, தொடக்க இருப்பு, இறுதிச் சரக்கு, பேரேட்டு வடிவ விவரப் பக்கம் ஆகிய மூன்றையும் கற்றுத்தருகிறார்களா என்றும் விசாரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிதி அறிக்கை வடிவமைப்புத் துறை வாசகர்,
கோயம்புத்தூர்